ஏழரை

ஜூலை 3

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு தொடங்கிவிட்டது. மின்தூக்கியில் எதிர்வீட்டு அம்மா, "மகளுக்கு எந்தப் பள்ளி?" என்றார். இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்குவதற்குள் உண்மையைச் சொல்லி முடிக்க முடியாது.

ஜூலை 4

பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க விலக்கு கேட்கும் விண்ணப்பம். மற்றதெல்லாம் தயார். பட்டச் சான்றிதழ், வாரக் கால அட்டவணை, பாடத்திட்டம். காரணம் எழுதத்தான் கை வரவில்லை.

ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தையிடம் தமிழ். என் அம்மாவிடம் பெரியவளின் மூச்சிளைப்பு. கல்வி அமைச்சுக்கு இரண்டு பக்கம், திருத்தமான ஆங்கிலத்தில். எதுவும் பொய்யில்லை. ஆனால் பாலர் பள்ளிக்குப் போன இரண்டாம் ஆண்டில், படம் வரையும்போது அவள் இடக்கையால் தாளை மறைத்துக்கொள்ளத் தொடங்கினாள். வீட்டிலும்தான். பக்கத்தில் ஆளே இல்லாத மேசையில் யாரிடமிருந்து மறைத்தாள்? பள்ளியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கை இறங்கியது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூலை 12

சமையலறை ஜன்னலுக்கு நேரே தொடக்கப்பள்ளி. ஏழரைக்குக் கொடியேற்றம். தேசிய கீதம் 'மஜுலா சிங்கப்பூரா' கேட்டதும் பெரியவள் வாயில் பற்பசை நுரையோடு விறைப்பாக நிற்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, முழுப் பாட்டும் வருகிறது. சின்னவன் தோசைத் திருப்பியால் சல்யூட்.

"நம் வீட்டில் தினமும் ஏழரைதான்" என்றார் இவர். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூலை 24

தூக்கமில்லை. 33.

வீட்டில் படித்தாலும் பன்னிரண்டு வயதில் அவள் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதியாக வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தமிழ். எழுதினால் மட்டும் போதாது. நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து முப்பத்து மூன்றாவது பிள்ளைக்குக் குறையக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த 33 கிடையாது. ஆறு வயது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. நான் அவளுக்குக் கீழே முப்பத்திரண்டு பிள்ளைகளை நிறுத்தி எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

இவர் கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தேடிப் படித்துக் காட்டினார். 2003இல் நடப்புக்கு வந்தது. விலக்கு வாங்காமல் வீட்டில் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பன்னிரண்டு மாதமும் யாராவது எனக்குச் சமைத்துப் போடுவார்களா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 8

இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

'பழம்' என்று பத்து முறை எழுதச் சொன்னேன். நான்காவது வரியிலிருந்து 'பளம்'. திருத்தினேன். மறுபடியும் 'பளம்'. சொல்லும்போது நாக்கு நன்றாக மடிகிறது, எழுதும்போது மட்டும் ள. ஏழாவது 'பளம்' வந்தபோது தாளைப் பற்றிக் கிழித்துவிட்டேன். சத்தம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று தெரியாது. சின்னவன் மேசைக்கு அடியில் போய்விட்டான். அவள் அழவில்லை. பென்சிலைக் கூராக்கினாள். அடுத்த தாளை எடுத்தாள். இடக்கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டாள்.

என்னிடமிருந்து.

ஆகஸ்ட் 9

தேசிய தினம். விமானங்கள். கிழிந்த தாளை ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன். கொஞ்சம் கோணல்.

செப்டம்பர் 3

பள்ளி விடுமுறை. ஏழரைக்குப் பாட்டு இல்லை. "அவர்களுக்கெல்லாம் லீவு, எனக்கு?" என்றாள்.

செப்டம்பர் 20

சுங்கை பூலோ சதுப்புநிலம். நீர் வடிந்திருந்தது. சேற்றில் தாவும் மீன் ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். துடுப்பை ஊன்றி ஊன்றி நகர்ந்தது. உடம்பு ஈரமாக இருக்கும்வரை தோலாலும் மூச்சு விடும் என்றேன். சின்னவன் உடனே தண்ணீர்ப் புட்டியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாயை மூடி நின்றான். மாற்றுச் சட்டை கொண்டுபோகவில்லை.

மாலையில் அத்தை தொலைபேசியில்: "வாசலிலேயே பள்ளிக்கூடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயேம்மா, அதுவும் சேற்றில்." அவருடைய சமையலறை ஜன்னலிலிருந்து புகைவண்டிப் பாதை மட்டும்தான் தெரியும். ஏழரைக்கு அங்கே நிற்பது அவரில்லை.

அக்டோபர் 26

தேக்கா சந்தை. தீபாவளிக் கூட்டம், மூச்சு முட்டியது. மீதிச் சில்லறையைப் பெரியவள்தான் வாங்கினாள், சரியாகவும் எண்ணினாள். பிறகு இரண்டு வெள்ளித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஓர் ஆசிரியர், சுற்றி மாணவர்கள், பழைய பள்ளிக் கட்டடங்கள். "இதில் அம்மா எங்கே?" மல்லிகை முழம் கேட்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு கேள்வி. "படம் எடுப்பது அம்மாதான்" என்றேன். நம்பிவிட்டாள், பாவம்.

நவம்பர் 5

அமைச்சிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். அடுத்த வாரம். மூங்கில் அலமாரியைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

நவம்பர் 12

வந்தவர் நிதானமானவர். தேநீர் வேண்டாம் என்றார். கால அட்டவணையைப் பார்த்தார், சேற்று மீன் படத்தைப் பார்த்தார். பிறகு தமிழ் ஏட்டைப் புரட்டினார். இருபது பக்கம் நல்ல பக்கம் இருக்க, விரல் நேராக ஒட்டுநாடாவில் போய் நின்றது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், "அம்மா கிழித்தார், அம்மாவே ஒட்டினார்" என்று அதே ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். நீளமான வாக்கியம். தலைகீழாகப் படிக்க முயன்றேன், முடியவில்லை.

நவம்பர் 13

என்ன எழுதியிருப்பார்?

நவம்பர் 14

33.

டிசம்பர் 2

கடிதம் வந்தது. விலக்கு உண்டு. இவர் புரோட்டா வாங்கிவந்தார். நான் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அதில் ஒட்டுநாடாவைப் பற்றி ஒன்றுமில்லை.

டிசம்பர் 19

முன்பல் விழுந்தது. இப்போது 'பழம்' என்று சொல்லவும் வரவில்லை, காற்றுதான் வருகிறது. அவளாகவே எழுதிக் காட்டினாள். ழ. வால் கொஞ்சம் நீளம். நேற்று தாளை மறைத்தாள், இன்று மறைக்கவில்லை.

ஜனவரி 2

ஆறரைக்கே எழுந்துவிட்டாள். கீழே புதுச் சீருடைகள், முதுகை விடப் பெரிய பைகள். எதிர்வீட்டு அம்மா மகனின் காலணி நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். ஏழரைக்குப் பாட்டு. பெரியவள் நின்றாள், பக்கத்தில் நானும் நின்றேன், கையில் இட்லி மாவு. முடிந்ததும், "முதல் பாடவேளை என்ன?" என்றாள்.

இட்லி என்றேன்.

சின்னவனுக்கு இரவிலிருந்து இருமல். மருந்து