லிவிவ் நகரத்தின் குப்பையும் அதன் மேயரும்

திடக்கழிவுப் பொறியாளராகப் பல நகரங்களில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நகரத்தின் குப்பை நாட்டின் தலைநகரம் வரை அரசியலாகிப் போனதை மேற்கு உக்ரைனின் லிவிவில்தான் கண்டேன். 2017-இன் தொடக்கத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சார்பில் நான் அங்கே சென்றபோது, ஆந்திரி சதோவி மேயராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவரோடு பேசிப் பழகும் இடத்தில் நான் இருந்ததில்லை. மாநகராட்சி அலுவலர்கள் அந்நாட்டு வழக்கப்படி தந்தை பெயரையும் சேர்த்து ‘ஆந்திரி இவானோவிச்’ என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள். அவரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர்களுடைய பேச்சிலிருந்தும், அவர் எடுத்த முடிவுகளின் விளைவுகளோடு தினமும் மல்லுக்கட்டிய என் வேலையிலிருந்தும் வந்தவைதாம்.

சதோவி 1968-இல் அதே நகரத்தில் பிறந்தவர். லிவிவ் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவர். தொண்ணூறுகளில் வானொலித் தொழிலில் இறங்கிப் பெயர் பெற்றார். 2002-இல் மேயர் தேர்தலில் நின்று தோற்று, 2006-இல் வென்றார். அவர் தலைமைக்கு வந்த நகரத்தின் பழைய குறை தண்ணீர். லிவிவ் ஒரு நீர்ப்பிரிமேட்டின் மீது, அதாவது மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடிவிடும் மேட்டின் மீது அமைந்த ஊர். அதன் வழியே ஓடும் சிறிய பொல்ட்வா ஆறும் 19-ஆம் நூற்றாண்டிலேயே நகர மையத்தின் தெருக்களுக்கு அடியில் மூடப்பட்டுவிட்டதால், குடிநீரை வெளியிலிருந்துதான் குழாயில் கொண்டுவர வேண்டும். சோவியத் காலத்திலும் அதன் பிறகும் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்றுதான் தண்ணீர் வந்தது. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறையில், கூரையை ஒட்டி ஒரு தகரத் தொட்டி அப்போதும் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதைக் கழற்ற வீட்டுக்கார அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த மாற்றத்துக்கான பணிகள் பல நிர்வாகங்களின் காலத்தில் நடந்தவை என்றாலும், மக்கள் நினைவில் அது சதோவியின் காலத்தோடுதான் ஒட்டியிருந்தது. 2012 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக வந்த விளையாட்டரங்கமும் விமான நிலைய முனையமும், 2016-இல் சிகிவ் குடியிருப்புப் பகுதி வரை நீண்ட டிராம் பாதையும் அவருடைய கணக்கில் சேர்ந்தன.

அந்த நற்பெயரோடுதான் அவர் தேசிய அரசியலுக்குப் போனார். அவருடைய சமோபோமிச் கட்சி 2014 நாடாளுமன்றத் தேர்தலில் 33 இடங்களைப் பிடித்து ஆளுங்கூட்டணியில் சேர்ந்தது. 2016 பிப்ரவரியில் வெளியேறியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் நகரத்துக்கு வடக்கே உள்ள ஹ்ரிபோவிச்சி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அணைக்கச் சென்றவர்கள் மீது குப்பை மேடு சரிந்ததில் மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். உடன் சென்ற மாநகராட்சிச் சூழலியல் பொறியாளர் ஒருவரும் உள்ளே புதைந்து போனார். நகரத்துக்கு இருந்த ஒரே கிடங்கு அன்றோடு மூடப்பட்டது.

அந்த மேட்டில் நின்றவர்களுக்கு, அது ஏன் சரிந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாக மண் மூடாமல், நெருக்கி அழுத்தாமல், மேலே மேலே கொட்டிக்கொண்டே போனதால் சரிவுகள் செங்குத்தாக நின்றன. அடியில் கறுப்பாகக் கசிவுநீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அமிலத் தார்க் குட்டைகள் இருந்தன. வெயில் ஏறினால் அந்த நெடி மூக்கில் ஏறித் தலையைக் கனக்கச் செய்யும். நாங்கள் துளையிட்டுப் பார்த்த சில இடங்களில் வெளிவந்த வாயு இன்னும் சூடாக இருந்தது. எனக்கு முன்னே அந்த மேட்டில் ஏறி, திரும்பி வராத அந்தப் பொறியாளர் செய்ததும் நான் செய்த வேலைதான். அந்த நினைப்பு அங்கிருந்த நாள் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

நாளொன்றுக்குச் சுமார் 600 டன் குப்பையை வைத்துக்கொண்டு லிவிவ் ஊர் ஊராக இடம் கேட்டது. சில இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள், பிறகு மறுத்தார்கள். லிவிவ் லாரிகளைக் கண்டால் கிராமத்தார் சாலையை மறித்தார்கள். 2017 வசந்தத்தில் குடியிருப்பு வளாகங்களில் குப்பைத் தொட்டிகள் நிரம்பி, சுற்றிலும் இடுப்பளவுக்குப் பைகள் குவிந்திருந்தன. எலிகளுக்கு அஞ்சிச் சிலர் சுண்ணாம்பு தூவினார்கள். கூட்டணியிலிருந்து வெளியேறியதற்காகத் தங்கள் நகரத்தின் மீது தலைநகர் கீவில் உள்ள மத்திய அரசு குப்பைத் தடை விதித்திருக்கிறது என்று சதோவியின் தரப்பு குற்றஞ்சாட்டியது. பத்தாண்டுகள் மேயராக இருந்தும் மாற்று ஏற்பாடு செய்யாதவர் பழியை அடுத்தவர் மீது போடுகிறார் என்று எதிர்த்தரப்பு பதிலளித்தது. அந்த ஜூன் மாதம் அவருடைய கட்சியினர் தலைநகரில் அதிபர் அலுவலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். முடிவில் குப்பையை அகற்றும் பொறுப்பை மாகாண ஆளுநர் ஒலேஹ் சின்யுத்காவின் நிர்வாகத்திடம் மேயர் ஒப்படைத்தார். சில வாரங்களில் வளாகங்கள் காலியாகத் தொடங்கின.

அந்த வேகத்தைப் பார்த்தபோது, தடை இருந்தது என்ற புகாரில் உண்மை உண்டு என்றே எனக்குப் பட்டது. ஆயினும் ஒரு பொறியாளனாக மேயரையும் என்னால் விட்டுவிட முடியாது. கிடங்கின் கொள்ளளவு முடிந்துகொண்டிருப்பது அளவைப் படங்களில் தெளிவாகத் தெரிந்த விஷயம். இரண்டாவது கிடங்கோ பிரித்துப் பதப்படுத்தும் ஆலையோ கையில் இல்லாத நகரம் தன் குடுமியைத் தானே பிறர் கையில் கொடுக்கிறது. அரங்கத்துக்கும் டிராமுக்கும் கிடைத்த அக்கறையில் ஒரு பங்கு ஹ்ரிபோவிச்சிக்கும் கிடைத்திருந்தால், யாரும் தடை விதிக்க அங்கே இடமே இருந்திருக்காது.

தேசிய அரசியலில் அவர் பின்னர் தலையெடுக்கவில்லை. 2019 அதிபர் தேர்தலில் வேட்பாளராகி, வாக்குப்பதிவுக்கு முன்பே அனாத்தோலி ஹ்ரித்சென்கோவுக்கு ஆதரவாக விலகினார்; அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஒரு சதவீத வாக்கைக்கூடத் தொடவில்லை. நகரம் மட்டும் அவரைக் கைவிடவில்லை. 2020 மேயர் தேர்தல் இரண்டாம் சுற்றுக்குப் போனது. எதிரே நின்றவர், குப்பையை ஏற்றெடுத்த அதே சின்யுத்கா. சதோவி தெளிவான வித்தியாசத்தில் வென்றார். குப்பை நாற்றத்தில் அவரைத் திட்டித் தீர்த்த என் உள்ளூர் சக பணியாளர்கள் பலர் அவருக்கே வாக்களித்ததாகப் பின்னர் எனக்கு எழுதினார்கள். ஆளுநரை அதிபர் நியமிக்கிறார், மேயரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது எனக்கு முழுமையாகப் புரிகிறது.

2022 பிப்ரவரிக்குப் பிறகு, போரிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கானோர் லிவிவ் ரயில் நிலையத்தின் வழியே சென்றார்கள். பெருந்தொகையினர் நகரத்திலேயே தங்கினார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீரும் குப்பை லாரியும் தடைபடாமல் கிடைத்ததாக நண்பர்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஹ்ரிபோவிச்சி மேட்டின் சரிவுகளைத் தணித்து, மூடி, வாயுவைக் குழாயில் எடுக்கும் சீரமைப்பு போருக்கு நடுவிலும் தொடர்ந்தது. பதப்படுத்தும் ஆலையின் கட்டுமானம்தான் போரிலும் ஒப்பந்தச் சிக்கலிலும் மாட்டி இழுபட்டது. அந்த ஆலையைச் சதோவி தன் பதவிக்காலத்திலேயே ஓடவைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அந்த மக்களுக்கு அவர் இன்னும் தர வேண்டியது அது ஒன்றுதான்.