டிசம்பர் 31-க்குள்

டிசம்பர் 1, 2025, திங்கள்

எங்கள் கட்டட பெர்மிட் ஆபீஸில் கதவு திறக்கும் முன்பே வரிசை. நீண்ட விடுமுறையில் எல்லோரும் காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் கட்டட விதிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். அடுத்த பதிப்பு ஜனவரி 1 அன்று அமலுக்கு வருகிறது. 31-ஆம் தேதிக்குள் முழுமையாக வந்து சேர்ந்த மனுவைப் பழைய 2022 விதிப்படி பார்ப்போம். ஒரு நாள் தாண்டினாலும் புதியதுதான். பின்கட்டில் சிறிய வீடு கட்டக் கடன் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய பணம். ஆற்றல் கணக்கை மறுபடி போட வேண்டும், மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றி யோசிக்க வேண்டும், இன்ஜினீயரிடம் மறுபடி போய் நிற்க வேண்டும்.

மனு முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவள் நான். ஆற்றல் அறிக்கை இல்லை, மனை எல்லையிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று குறிக்கவில்லை என்றால், மனு வந்ததாகவே கணக்கில்லை. அதனால் இந்த மாதம் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். குறை எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடுவது, எல்லாவற்றையும் ஒரே தடவையில். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று தவணை முறையில் சொல்லி ஆட்களை அலைய விடுவது பாவம்.

இரவு, என் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போட்ட மனுவின் கேஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ‘பெறப்பட்டது.’

டிசம்பர் 2, செவ்வாய்

ஓக்லாந்தில் அந்தக் கிடங்கு எரிந்த நாள். 2016. கோஸ்ட் ஷிப் என்று அதற்குப் பெயர். 36 பேர் செத்துப்போனார்கள். கிடங்காக இருக்க வேண்டிய இடத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள், மாடியில் கச்சேரி நடந்தது, எதற்கும் பெர்மிட் கிடையாது. ஸ்பிரிங்க்ளர் கிடையாது. மாடிப்படி ஒன்றைச் சரக்குப் பலகைகளை அடுக்கிச் செய்திருந்தார்கள். மேலாளர் மதியம் அதைப் பற்றிப் பேசினார். இந்தப் பக்கத்து நகரங்களில் இந்த வேலை பார்க்கும் யாருக்கும் அந்தத் தேதி மறக்காது.

எனக்கு அதைக் கேட்டதும் கும்பகோணம்தான் கண்ணில் வரும். 2004 ஜூலை 16. நான் அப்போது ஏழாவது, வேறு பள்ளி. காசிராமன் தெரு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 94 குழந்தைகள். சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கொட்டகையில் பிடித்தது. இறங்குவதற்கு ஒடுக்கமான ஒரு படி. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு போட்டுச் சமைக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: “இதை யாருய்யா பார்த்துக் கையெழுத்துப் போட்டான்?”

பிறகு அதிகாரிகள் மேலும் வழக்கு நடந்தது. ஆனால் எனக்கு அப்பாவின் அந்தக் கேள்விதான் தங்கிவிட்டது. வரைபடத்தில் படுக்கையறை என்று எழுதியிருந்தால் ஜன்னல் அளவைப் பார்க்காமல் என்னால் அடுத்த தாளுக்குப் போக முடியாது. திறந்தால் 5.7 சதுர அடி இடம் வேண்டும். அடிக்கட்டை தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளை ஏறி வெளியே குதிக்க முடிய வேண்டும், தீயணைப்பு வீரர் முதுகில் சிலிண்டரோடு உள்ளே நுழைய முடிய வேண்டும். வரைபடத்தைச் சரிபார்க்கும் பிளான் செக்கர் எப்படியும் பார்ப்பார், உனக்கு ஏன் என்று பக்கத்து கவுண்டர் பெண் கேட்டாள். பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

பெறப்பட்டது.

டிசம்பர் 8, திங்கள்

ஒரு வியட்நாமியப் பெரியவர். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சாய்தளம் வரைந்து கொண்டுவந்தார். மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், சக்கர நாற்காலி. மகன் போனில் மொழிபெயர்த்தார். 30 அங்குல உயரத்துக்குக் கீழே என்றால் பெர்மிட்டே வேண்டாம் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த விலக்கு வீட்டோடு ஒட்டாத, வாசல் கதவுக்குப் போகாத தளங்களுக்கு. இது வாசலுக்கே போகிறது.

வாசற்படி 28 அங்குல உயரம். ஒரு அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும், ஆக 28 அடி. வீட்டு முன்னால் அவ்வளவு இடமில்லை. பாதியில் திருப்பித்தான் கொண்டுபோக வேண்டும். திரும்பும் இடத்தில் சமதளம், மேலே கதவருகில் ஒன்று, கீழே ஒன்று. நான் வரைந்து தரக் கூடாது, அது விதி. எது எது தாளில் இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்தச் சாய்வுக்குக் கைப்பிடி கட்டாயமில்லை. இருந்தாலும் போடுங்கள் என்றேன். மகனும் அதையே சொன்னார் போலிருக்கிறது, பெரியவர் தலையாட்டினார்.

டிசம்பர் 9, செவ்வாய்

தூக்கமில்லை. புதுப்பிக்க மனு போட்டிருந்தாலே 540 நாள் வரை வேலை செய்யலாம் என்று இருந்தது. அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அது இல்லை. என் கணவருடைய ஆபீஸ் வக்கீல் என் மனுவை நவம்பர் 6-ஆம் தேதி அனுப்பினார். செப்டம்பரிலேயே எல்லாத் தாளும் அவர் கையில் இருந்தன. கோபம் வந்தால் யாரிடம் காட்டுவது? இவர் “வந்துடும், வந்துடும்” என்கிறார். வரட்டும். ஜனவரி 16-ஆம் தேதியோடு பழைய அட்டை முடிகிறது, அதற்குள் வரட்டும்.

டிசம்பர் 11, வியாழன்

பால்கனி வாரம் இது. 2015 ஜூனில் பெர்க்லியில் ஐந்தாவது மாடி பால்கனி முறிந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டப்படி மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள வாடகைக் குடியிருப்புகள் எல்லாம் பால்கனியையும் வெளிப்படிகளையும் சோதித்தாக வேண்டும். கெடு ஒருமுறை தள்ளிப்போய் இப்போது வரும் ஜனவரி 1. சோதனையில் பழுது தெரிந்தால் 120 நாளுக்குள் பெர்மிட்டுக்கு மனு போட வேண்டும். இவ்வளவு காலம் விட்டுவிட்டு இந்த மாதம் வந்து, இன்றைக்கே தரமுடியுமா என்று கேட்கிறார்கள். ஒருவர் குரலை உயர்த்தினார். சோதனை அறிக்கையில் இருந்த புகைப்படத்தைத் திருப்பிக் காட்டினேன். உத்திரத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியிருக்கிறது. அந்த பால்கனியில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நிற்கிறது. அவசரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஆட்கள் போகாமல் கதவை அடையுங்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் கத்தவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. அம்மா வாட்ஸ்அப்பில் கோலம் அனுப்பியிருக்கிறாள். “அட்டை வந்துதாடி?” என்று மட்டும் கேட்டாள். நான் போனை வைத்ததும் மறுபடி பார்த்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

பெரியவர் வந்துவிட்டார்! பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மெக்கானிக் கட்டத்தாளில் சுத்தமாக வரைந்து கொடுத்திருக்கிறார். திருப்பம், மூன்று சமதளம், தூண் அடி ஆழம், மரத்தின் அளவு எல்லாம் இருக்கிறது. கைப்பிடி இரண்டு பக்கமும். பிளான் செக்கரை கவுண்டருக்கே கூப்பிட்டேன். நின்றபடியே பார்த்தார், ஒரே ஒரு இடத்தில் ஆணிக்குப் பதில் போல்ட் என்று திருத்தினார், முத்திரை விழுந்தது. தூணுக்குக் குழி தோண்டியதும் மூடாமல் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். பெரியவர் பெர்மிட் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சந்தோஷமான நாள். இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. முடியவே முடியாது.

டிசம்பர் 23, செவ்வாய்

கவுண்டருக்கு இந்த வருடம் இதுதான் கடைசி நாள். இணையத்தில் 31 நள்ளிரவு வரை வாங்குகிறோம். விடுமுறையில் அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மழை. பெரியவரிடமிருந்து இன்ஸ்பெக்‌ஷன் கேட்டு எதுவும் வரவில்லை.

டிசம்பர் 31, புதன்

காலையிலிருந்து திரை முன்னால். ஒவ்வொன்றையும் திறந்து, குறையை எழுதி, உடனே அனுப்பி, அடுத்தது. மாலை ஆறரைக்கு ஒரு குடும்பம். பின்கட்டு வீடு, தாயாருக்காக. எல்லாம் இருக்கிறது, ஆற்றல் அறிக்கை மட்டும் கையெழுத்தில்லாத பழைய நகல். மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. போன் செய்தேன். எடுத்த பெண் பார்ட்டி இரைச்சலுக்கு நடுவில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கணக்குப் போட்டவரை எங்கோ தேடிப் பிடித்து, 10:50-க்குக் கையெழுத்திட்ட கோப்பை ஏற்றினாள். முழுமை என்று குறித்தேன். பழைய விதி. இனிமேல் பிளான் செக்கர் பாடு.

பக்கத்தில் பட்டாசு. கேஸ் பக்கத்தை இன்று பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்தேன்.

ஜனவரி 5, திங்கள்

புதிய விதிப் புத்தகங்கள் மேஜையில். காட்டுத்தீ எல்லைப் பகுதிகளுக்குத் தனிப் பகுதியே வந்திருக்கிறது, இதுவரை அத்தியாயம் 7ஏ-வில் இருந்தவை அதற்குள் போய்விட்டன. போன ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்டடீனாவும் பாலிசேட்ஸும் எரிந்ததைப் பார்த்த பிறகு, கூரையோரத்துக் காற்றுத் துளையில் எவ்வளவு நெருக்கமான வலை வேண்டும் என்ற வரியை யாரும் வேகமாகப் படித்துத் தாண்ட மாட்டார்கள்.

எச்.ஆர். மின்னஞ்சல்: 16-க்குப் பின் செல்லும் ஆவணத்தை அனுப்பவும்.

ஜனவரி 9, வெள்ளி

பெரியவர் வீட்டுக்கு போன் செய்தேன். பெர்மிட் வாங்கியவர்களைத் துரத்துவது நம் வேலை இல்லை என்று பக்கத்து கவுண்டர் பெண் சொன்னாள். தெரியும். பன்னிரண்டு மாதம் செல்லும், அவசரமில்லை. ஆனால் அந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாரா, யாராவது நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுகிறார்களா என்று மூன்று வாரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. மகன் எடுத்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மையத்திலேயே இருக்கிறார், மழையில் குழியெல்லாம் தண்ணீர், வடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார். சரி. மூடிவிடவில்லையே, அது போதும்.

ஜனவரி 12, திங்கள்

பெறப்பட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

மேலாளர் நல்லவர். அட்டை வராவிட்டால் சம்பளமில்லா விடுப்பு முடியுமா என்று மேலே கேட்டிருக்கிறார். எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன பாக்கி, யாரைக் கூப்பிட வேண்டும், யாருக்கு எந்த மொழி என்று எழுதினேன். சாய்தளத்துக்கு எதிரே மகனின் எண்ணையும், “குழி இன்ஸ்பெக்‌ஷன் கேட்டால் அன்றைக்கே போடவும்” என்றும் எழுதினேன்.

இவர் வக்கீலோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். முதல் தடவையாக அவர் குரல் நடுங்கிக் கேட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலையில் குக்கரில் வைத்தேன், பொங்கவில்லை, இனிப்பாக இருந்தது. அம்மா போனில் எதையும் கேட்கவில்லை.

எச்.ஆர். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பால்கனி மனுக்களை இன்ஜினீயர் மேஜைக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று சக்கர சைக்கிள் வீட்டு மனுவும் அதில் இருக்கிறது, முட்டுக் கொடுத்த படம் வந்துவிட்டது. இன்னொன்றில் கட்டட எண் தப்பாக இருக்கிறது. உரிமையாளரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.