எதை விட்டால் பார்சர் லேசாகும்?

எங்கள் தேடல் மென்பொருளுக்கு எச்டிஎம்எல்லில் எழுதிய இணையப் பக்கங்களிலிருந்து தலைப்பு, உரை, இணைப்புகள் இந்த மூன்றும் போதும். பக்கத்தைப் படித்துப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தருவது பார்சர். கையில் இருந்த முழு பார்சர் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் தலைப்பு, பத்தி என்று குறிக்கும் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நோடு (கணு) வைத்து, பக்கத்தின் அமைப்பைக் காட்டும் முழு டாம் மரத்தையும் கட்டியதால், பக்கத்தின் அளவைப்போலப் பல மடங்கு மெமரி கேட்டது. மூன்று காய் பறிக்க ஒரு தோப்பையே வளர்த்த கதை. சரி, லேசாக ஒன்றை நாமே எழுதலாம் என்று முடிவானது.

பார்சரே வேண்டாம், எழுத்துக் கோலத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதும் என்ற பேச்சும் எழுந்தது. மேற்கோளுக்குள் ஒரு > குறி வந்தாலே அது தடுமாறும் என்பதால் அன்றே அடங்கியது. உண்மையான விவாதம், எதை வெட்டுவது என்பதில்தான்.

எச்டிஎம்எல் 5 தரம் பார்சரை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதலாவது, எழுத்துகளை டேக், உரை என்று பிரிக்கும் டோக்கனைசர். அதற்கு மட்டும் 80 நிலைகள். அடுத்தது மரம் கட்டும் கட்டம். அதில் இருபதுக்கும் மேற்பட்ட முறைகள். உடைந்த பக்கத்தை ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அதற்கு முடிவுகட்டத்தான் தவறான எச்டிஎம்எல்லுக்கும் இவ்வளவு விதிகள்.

டோக்கனைசரில் கை வைக்கவேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஸ்கிரிப்ட் டேக்குக்குள் வரும் < குறி டேக் ஆகாது. அதைக் கவனிக்காவிட்டால் பாதி ஜாவாஸ்கிரிப்ட் தேடல் அட்டவணையில் வந்து விழும். இணைப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. & குறியை அடுத்து 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல் உரைக்குள் வந்தால், அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் © ஆக மாற்றவேண்டும். அதுவே ஆட்ரிபியூட்டுக்குள், அதாவது இணைப்பின் முகவரி போல டேக்குக்குள்ளேயே எழுதும் மதிப்புக்குள் வந்து, அடுத்து = குறி இருந்தால் மாற்றக்கூடாது. இந்தச் சின்ன விதியை விட்டால் முகவரிக்கு நடுவில் © முளைத்து, இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களை எடுத்துவரும் கிராலர் இல்லாத பக்கத்தைத் தேடிப் போய்விடும்.

வெட்டு விழுந்தது மரம் கட்டும் கட்டத்தில். டேபிளுக்குள் தவறான இடத்தில் கிடக்கும் உரையை பிரவுசர் டேபிளுக்கு முன்னால் நகர்த்தி வைக்கும். நாங்கள் உரையை வரவர அனுப்பிவிடுகிறோம், திரும்பிப் போய் நகர்த்த வழியில்லை. தேடலுக்கு அது பெரிய நஷ்டமும் இல்லை. சொல் எப்படியும் அட்டவணைக்குப் போய்விடும்.

பார்சர் விதிகளில் இல்லாத ஒரு சிக்கலைத் தமிழ்ப் பக்கங்கள் காட்டின. அடுத்தடுத்த டேபிள் கட்டங்களில் இருக்கும் 'விலை', '500' இரண்டும் ஒட்டி 'விலை500' ஆகக்கூடாது என்று டேக் வரும் இடமெல்லாம் இடைவெளி போட்டோம். ஆனால் முதல் எழுத்தைப் பெரிதாகக் காட்ட 'த'வை மட்டும் ஸ்பான் என்ற டேக்குக்குள் வைக்கும் தளங்களில் 'தமிழ்' இரண்டாக உடைந்தது. அப்புறம் எந்த டேக் சொல்லைப் பிரிக்கும், எது பிரிக்காது என்று தனியாக ஒரு பட்டியல் வைத்தோம். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் அதை மாற்றிவிடலாம்தான். அதுவரைக்கும் போவதில்லை என்று கோடு போட்டுக்கொண்டோம்.

பக்கம் துண்டுதுண்டாக வருவதிலும் தமிழ் தன் பங்குக்குச் சோதித்தது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், நாம் அன்றாடம் எழுதும் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட். 'கொ' என்றால் இரண்டு குறி, 6 பைட். துண்டு எங்கே வெட்டுப்படும் என்று சொல்லமுடியாது, ஒரு எழுத்தின் நடுவிலும் வெட்டு விழலாம். அதனால் எல்லா டெஸ்ட் பக்கங்களையும் ஒருமுறை முழுதாகவும் ஒருமுறை பைட் பைட்டாகவும் ஊட்டி, விடை ஒன்றாக வருகிறதா என்று பார்த்தோம். எங்கள் டெஸ்ட்களில் அதிகம் உழைத்தது இதுதான்.

பார்சர் ஓடத் தொடங்கியதும், வாசகர் கருத்துகளில் வரும் ஆபத்தான டேக்குகளை வடிகட்ட இதையே தரமுடியுமா என்று இன்னொரு குழு கேட்டது. மறுத்தேன். வடிகட்டி ஒரு மாதிரியும் பிரவுசர் வேறு மாதிரியும் படித்தால், அந்த இடைவெளியில்தான் தாக்குதல் நுழையும். ஸ்கிரிப்ட் ஓடாதபோது காட்டவேண்டியதை வைக்க நோஸ்கிரிப்ட் என்று ஒரு டேக் உண்டு. ஸ்கிரிப்ட் ஓடும் பிரவுசருக்கு அதற்குள் இருப்பதெல்லாம் வெறும் உரை. ஸ்கிரிப்ட் இல்லாமல் படிக்கும் வடிகட்டிக்கு அங்கே இருப்பவை டேக்குகள். உள்ளே ஒரு ஆட்ரிபியூட்டில் நோஸ்கிரிப்டின் முடிவு டேக்கை ஒளித்து வைத்தால் வடிகட்டி அதைச் சாது என்று விட்டுவிடும்; பிரவுசரோ அங்கேயே உரையை முடித்துக்கொண்டு அடுத்து வருவதை டேக்காக எடுத்து ஓட்டும். நாலு வரிக் கருத்துக்கு மெமரியை மிச்சம்பிடித்து என்ன ஆகப்போகிறது? அவர்கள் முழு பார்சரையே எடுத்துக்கொண்டார்கள். எங்களுடையதில் எச்டிஎம்எல்லாகத் திருப்பி எழுதித் தரும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அடுத்து யாரும் வந்து கேட்பதற்குள் அதை நீக்கிவிட்டோம்.