பதினாறாம் நாள்

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். சத்திய ஞான சபைக்குள் நுழையும் இடத்தில், கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே புக வேண்டும் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். முன்பும் படித்திருக்கிறேன், படித்துவிட்டு நேரே உள்ளேயும் போயிருக்கிறேன். இந்த முறை கால் நின்றுவிட்டது. ஞானம் எல்லாம் இல்லை. முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவுக்கு ஊற்றிய சிக்கன் சால்னா சரியாக அந்த நேரம் பார்த்து ஏப்பமாக வந்தது.

வெளியிலேயே நின்று கும்பிட்டேன். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்னும் அணையாமல் எரிகிறது. அங்கே சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிவு செய்தேன். ஒரு மண்டலம், 48 நாள், புலால் கிடையாது.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "முட்டை?"

"அதுவும்தான்."

"கேக்குல போட்ட முட்டை?"

இதற்கு யோசிக்க எனக்கு அரை நாள் ஆனது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் நெத்திலி பொரிந்துகொண்டிருக்க, நான் ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். புருவ மத்தியில் ஒளி ஏதும் தெரியவில்லை. எந்த நிமிஷம் திருப்பிப் போட வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

தைப்பூசத்துக்கும் மாசி சிவராத்திரிக்கும் நடுவில் இரண்டு வாரம்தான் என்பதை நான் கணக்குப் பார்க்கவில்லை. எங்களுக்குக் குலதெய்வம் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி. சிவராத்திரிக்குக் கண்விழிப்பு, மறுநாள் கிடாவெட்டு. அது என் விரதத்துக்குப் பதினாறாம் நாள். நம் ஊரில் பதினாறாம் நாள் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ராத்திரி கோயிலில் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "ஏன்டா, கருப்பனே கிடா வாங்குறான். நீ அவனுக்கும் மேல சுத்தமா?"

வள்ளலாரைச் சொன்னேன். அவர் கண்ணப்பனைச் சொன்னார். காளத்தியில் பன்றிக்கறியைச் சுட்டு, வாயில் போட்டுப் பதம் பார்த்துப் படைத்தவர் ஆறே நாளில் நாயன்மார் ஆகிவிட்டார். ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியார் ஒளிந்து நின்று வேடிக்கைதான் பார்த்தார். "ஆறு நாள்டா! நீ பதினஞ்சு நாளாக் கீரையைத் தின்னு என்ன கண்ட?"

கண்ணப்பர் கண்ணையும் தோண்டிக் கொடுத்தார் பெரியப்பா, அதைச் செய்தால் நீங்களும் கறி தின்னலாம் என்று சொல்ல நினைத்தேன். சொத்து இன்னும் பாகம் பிரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஓரமாகப் போய் போனில் ஏதாவது சந்து கிடைக்குமா என்று தேடினேன். புத்தரிடம் கிடைத்தது. பிக்குகள் மீனும் கறியும் தொடவே கூடாது என்று அவர் சீடன் தேவதத்தன் கேட்டதற்கு அவர் ஒப்பவில்லை. தனக்காகக் கொன்றது என்று கண்ணால் பார்க்காமல், காதால் கேட்காமல், சந்தேகமும் இல்லாமல் இருந்தால் பிச்சையில் விழுந்ததைச் சாப்பிடலாம்.

எனக்கோ, மதுரையிலிருந்து டாடா ஏஸின் பின்னால் அந்தக் கிடாவோடுதான் பயணம். வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது. செக்கானூரணி தாண்டியதும் களைத்துப்போய் என் முட்டியில் தாடையை வைத்துக்கொண்டது. வாழைப்பழத் தோலைக் கொடுத்தேன், தின்றுவிட்டு என் கையையும் நக்கியது. பார்த்தாயிற்று, கேட்டாயிற்று. மிச்சம் இருந்தது சந்தேகம் ஒன்றுதான்.

மறுநாள் உச்சிப் பொழுதில் கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. சிலுப்பவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பூசாரி யாருக்கு என்ன குறை என்று கேட்க, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "இவன் சைவமா நிக்கிறான்ல, அதான் சாமி இறங்க மாட்டேங்குது" என்றாள் அப்பத்தா. என்னைக் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். நான் மறைந்த நிமிஷம் குலவைச் சத்தம் கேட்டது.

வேனுக்குப் பின்னால் நின்றபோது உண்மையிலேயே மனசு கனத்தது. முட்டியில் அந்தத் தாடையின் சூடு இருப்பது போலவே இருந்தது. இனி ஆயுசுக்கும் கறி வேண்டாம் என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம் கழித்து அண்டாவில் மசாலா கொதித்த வாசனைக்கு எச்சில் ஊறியதும் அதே வாய்க்குத்தான். இரண்டில் எது நான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பந்தியில் எனக்கு வெறும் சோறும் ரசமும். ரசம் அப்படி ஒரு ரசம். மூன்றாவது விதியையாவது காப்பாற்றுவோம் என்று துளியும் சந்தேகப்படாமல் இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டு, ஒரு டம்ளர் குடிக்கவும் செய்தேன். எழுந்திருக்கும்போதுதான் வாய் சும்மா இருக்காமல், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற மாமாவிடம் கேட்டுவிட்டேன். "மாமா, ரசத்துல கறி கிறி போடலையே?"

"சேச்சே! ஒரு துண்டு கிடையாது மாப்ள. எலும்பு மட்டுந்தான்."

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. வேனில் கிடா நின்ற இடத்தில், பங்குக் கறியைப் போட்டு மூடிய தூக்குவாளி ஆடிக்கொண்டே வந்தது. மனைவி கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனையாவது நாள்?"

"மறுபடியும் முதல் நாள்."

வாளியை ஒரு பார்வை பார்த்தாள். "நாளையிலேருந்து எண்ணுங்க."