சேலம் பட்டறையில் பாய்மரப் படகுக்கு டோ ரெயில் செய்வது

பாய்மரப் படகின் டெக் எனும் மேல்தளத்தின் ஓரமாக, அணியம் என்ற முன்முனையிலிருந்து அமரம் என்ற பின்முனை வரை ஓடும் ஒல்லியான கட்டைதான் டோ ரெயில். படகு சாயும்போது கால் வழுக்கி வெளியே போகாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். பல சிறிய ஃபைபர் படகுகளில் அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. ஹல் எனும் படகின் உடற்கூடும் டெக்கும் சேரும் மடிப்பின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து இறுக்கும் போல்ட்டுகள் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. அதனால் ரெயில் மாற்றுவது பாதி தச்சு வேலை என்றால், மீதிப் பாதி தண்ணீர் அடைக்கும் வேலை. மரத்தைப் பளபளப்பாக இழைத்துவிட்டு, கசிவை அடைக்கும் பசையான சீலன்ட்டில் அவசரப்பட்டால், முதல் மழைக்கே உள்ளே சொட்டும்.

சேலத்தில் கடல் இல்லை. ஆனால் நல்ல மரம் இருக்கிறது, கை தேர்ந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். மர வேலையை இங்கேயே முடித்துவிட்டு, பொருத்தும் வேலைக்கு மட்டும் படகு நிற்கும் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கொண்டு போகலாம். ரெயிலை வளைத்துச் செய்யத் தேவையில்லை என்பது இதற்குப் பெரிய வசதி. நேராகச் செய்த கட்டையைப் படகில் வைத்துத்தான் வளைக்கிறோம். எனவே படகிலிருந்து எடுத்து வரவேண்டியவை மூன்றே அளவுகள்: டெக் ஓரத்தின் வளைவோடு சேர்த்து அளந்த நீளம், டெக்கின் சாய்வு, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடம்.

20 அடிப் படகு ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு பக்க நீளம் சுமார் 6.4 மீட்டர் வரும். இழைத்து முடித்த கட்டை 25 மி.மீ. அகலம், 35 மி.மீ. உயரம். அகலத்தை இதற்குக் கீழே குறைக்க வேண்டாம். மேலே போல்ட் தலையை மூடும் 12 மி.மீ. மரக்குமிழ் வரும், அதன் இரு பக்கமும் 6 மி.மீ.யாவது மரம் மிஞ்சவேண்டும். அறுப்பு, இழைப்பு, இணைப்பு எல்லாவற்றிலும் போகும் சேதாரம் சேர்த்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரு கன அடி தேக்கு வாங்கினால் சரியாக இருக்கும்.

மரம் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழியுங்கள். வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே வேண்டும்; ஓரத்தில் வெளுப்பாகத் தெரியும் வெள்ளை ஒரு விரல் அகலம் இருந்தாலும் அங்கேதான் முதலில் உளுக்கும். சீக்கிரம் வளர்த்த தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய உத்திரமும் நிலையும்தான். பல வருடம் காய்ந்த மரம், இனி முறுக்காது. அறுக்கக் கொடுப்பதற்கு முன் காந்தத்தை ஒவ்வொரு அங்குலமாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி மில்லின் பிளேடைக் கெடுத்துவிடும், அப்புறம் உங்கள் மரத்தை யாரும் தொடமாட்டார்கள். புது மரமானால் ஈரமானியில் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். கணு இல்லாமல், ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கட்டையோடு சேர்ந்தே ஓடவேண்டும். ரேகை பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால், வளைக்கும்போது கட்டை அந்த இடத்தில்தான் விரியும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏறவும் வளர்க்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும், நீளமாகவும் கிடைக்கும். இதற்கு அது உதவாது. நனைந்து காய்ந்து நனையும் இடத்தில் அது தாங்காது. தேக்குக்கு மாற்று வேண்டுமானால் ஆஞ்சிலி கேட்டுப் பாருங்கள், கேரளத்தில் படகு கட்டும் மரம்.

6.4 மீட்டருக்கு ஒரே துண்டாகக் கட்டை கிடைப்பது அபூர்வம். எனவே சாய்வெட்டு இணைப்பு, அதாவது ஸ்கார்ஃப். கனத்துக்கு எட்டு மடங்கு நீளம்: 25 மி.மீ. கட்டைக்கு 200 மி.மீ. சாய்வு. எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தக் கனத்தின் குறுக்காக வெட்டவேண்டும், மேலிருந்து பார்த்தால் சாய்வுக்கோடு தெரியும். வெளிப்பக்கம் தெரியும் கூர்முனை அமரத்தைப் பார்த்து இருக்கட்டும். கயிறு உரசும்போது அதைப் பெயர்த்து எடுக்காது. வளைவு அதிகமுள்ள அணியத்துக்குப் பக்கத்தில் இணைப்பு வரக்கூடாது.

தேக்கில் எண்ணெய் உண்டு, பசை பிடிக்காமல் போவதற்கு அதுதான் காரணம். வெட்டிய முகத்தைப் புதிதாக ஒரு முறை இழைத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் நிறம் ஏறுவது நிற்கும் வரை துடைத்து, உலர்ந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடவேண்டும். நேற்று துடைத்துவைத்த முகத்தில் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். முதலில், ஹார்ட்னர் கலந்து, தூள் சேர்க்காத எபாக்ஸிப் பசையை இரு முகத்திலும் தடவி மரம் குடிக்கவிடுங்கள். பிறகு நுண்ணிய சிலிகாத் தூள் கலந்து கெட்டியான எபாக்ஸி. கிளாம்ப்பை ஓரத்தில் பசை பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கவேண்டும். முழு பலத்தையும் போட்டால் பசை எல்லாம் வெளியே வந்து இணைப்பு வறண்டுபோகும். இரண்டு துண்டும் சாய்வில் வழுக்கி நீளும். சாய்வின் நடுவே ஒரு சிறு மூங்கில் ஊசி அடித்தால் நகராது.

சேலத்து வெயில் இங்கே கணக்கில் வருகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்ஸியின் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் 25 நிமிடம் தரும் ஹார்ட்னர், ஏப்ரல் மதியத்தில் பத்து நிமிடம்கூடத் தராது. டம்ளரில் குவிந்து கிடந்தால் புகையே விடும். விடிகாலையில் ஒட்டுங்கள், கலந்ததும் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். ஏற்காட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, பனிமூட்டம்தான் பிரச்சினை. ஈரக் காற்றில் காயும் எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் பரவும், அடுத்த பூச்சு ஒட்டாது. முதலில் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவி, காயவைத்து, பிறகு தேய்க்கவேண்டும்.

டெக் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்வதால் ரெயிலின் அடிப்பக்கத்துக்குச் சாய்வு கொடுக்கவேண்டும். அந்தச் சாய்வு அணியத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. 40 செ.மீ.க்கு ஒரு தடவை சாய்மட்டத்தால் எடுத்துப் பலகையில் வரைந்து எண் போட்டு வாருங்கள். இடது, வலது இரண்டும் கண்ணாடிப் பிம்பம் என்பதால், இழைப்பதற்கு முன் இரு கட்டையிலும் ‘வெளி’ என்று எழுதிவிடுவது நல்லது. இரண்டையும் ஒரே பக்கத்துக்கு இழைத்துவிடுவது மிக எளிதாக நடக்கிறது. தாழ்ந்த இடத்தில் 60 மி.மீ. நீளம், 10 மி.மீ. உயரத்துக்கு அடியில் வாய் வெட்டினால்தான் தண்ணீர் வடியும். அந்த வாயில் போல்ட் வரக்கூடாது.

போல்ட் வாங்கும்போது கவனம். நம் ஊர் கைப்பிடிப் பட்டறைகளில் புழங்கும் 202 கிரேடு எவர்சில்வர் கடலில் சீக்கிரமே துரு சிந்தும். 304 கொஞ்சம் தாங்கும். வேண்டியது 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பை எதிர்ப்பது அதுதான். காந்தம் வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது. எவர்சில்வர் கடையில் மாலிப்டினம் சோதனைத் திரவம் இருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 150 மி.மீ. இடைவெளிக்கு ஒரு பக்கம் 43, இரண்டுக்கும் 86 வரும், உபரியோடு 95 வாங்குங்கள்: எம் 5, 50 மி.மீ., கவுண்டர்சங்க் தலை. ஒவ்வொன்றுக்கும் அகலமான வாசரும் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டும்.

துளைகளைச் சேலத்தில் போடவேண்டாம். டெக்கிலுள்ள பழைய துளைகளோடு அவை ஒருபோதும் பொருந்தாது. பழைய துளைகளை 10 மி.மீ.க்குப் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் ரெயிலை வைத்து அதன் வழியாகவே புதிதாக 5.5 மி.மீ. துளை போடுங்கள். டெக்கின் நடுவே பால்சா எனும் லேசான மரமோ பிளைவுட்டோ இருந்தால் இந்த நிரப்பல் கட்டாயம். துளை வழி இறங்கும் ஈரம்தான் அதை அழுகவைக்கிறது. அணியத்தில் ஆரம்பித்துப் பின்னால் போகவேண்டும். இன்னும் பிடிக்காத நீண்ட வால் பகுதியே நெம்புகோலாக வளைத்துக் கொடுக்கும்.

ஒரு முறை சீலன்ட் இல்லாமல் முழுக்கப் பொருத்திப் பார்த்து, கழற்றி, துளைத் தூளைத் துடைத்து, டெக்கில் ஒவ்வொரு துளையின் வாயையும் லேசாகக் குடையுங்கள். அந்தக் குழியில் நிற்கும் சீலன்ட் போல்ட்டைச் சுற்றி வளையம் போல இறுகும். கடலுக்கான பாலியூரித்தேனோ பாலிசல்ஃபைடோ போதும், 300 மி.லி. குழாய் நான்கு. நிரந்தரமாகப் பிடிக்கும் 5200 வகை வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். சிலிகான் கிட்டவே கூடாது. அது விட்டுப்போகும் படலத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது. ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடைவிடாத கோடாகப் பிழிந்து, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு வளையம் போடுங்கள். எல்லா இடத்திலும் சமமாகப் பிதுங்கும்வரை இறுக்கி நிறுத்துங்கள். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. கட்டைக்கு அடியில் நடுவே இருப்பது இறுக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் கடைசிச் சுற்று. மேலே ஸ்குருடிரைவரால் போல்ட்டை அசையாமல் பிடித்து, உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் அதைச் சுற்றி இறுகிய வளையம் அறுந்துவிடும்.

குமிழ் அடிப்பதற்கு முன்பே தண்ணீர் சோதனை. ஹோஸ் குழாயால் ஒரு மீட்டருக்குப் பத்து நிமிடம் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் வைத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். கசியும் போல்ட்டைக் கழற்றித் திரும்பப் போடுவது இப்போது ஐந்து நிமிட வேலை. எல்லாம் காய்ந்திருந்தால், மிஞ்சிய தேக்குத் துண்டில் வெட்டிய குமிழ்களை, ரேகை ரெயிலின் ரேகையோடு சேரும்படி, வார்னிஷில் தோய்த்து அடியுங்கள். எபாக்ஸியில் தோய்த்தால் பின்னால் எடுக்க முடியாது. மறுநாள் உளியால் சீவும்போது முதல் வெட்டு உயரமாக. ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்தபின் அடிவரை.

வருடத்துக்கு இரண்டு முறை வார்னிஷ் போட ஆள் இல்லையென்றால் மரத்தை அப்படியே விட்டுவிடுங்கள், சாம்பல் நிறமாகும், கெடாது. கழுவும்போது மென்மையான பிரஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். ரேகையோடு தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து பள்ளம் விழும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் மரத்தில் மாட்டி ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாக மாறும்.