சிவப்பு மையால் அடித்த ஒரு சொல்

எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரை நாங்கள் டிரில் மாஸ்டர் என்றே அழைத்தோம். அவருடைய வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கியபடி நிற்கும் தமயந்தி தாம்பேயின் படம் அது. இறகுப்பந்தில் தேசிய சாம்பியனாக இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். பந்தை வலையில் அடித்துவிட்டு நிற்கும் மாணவனை அழைத்து, அட்டையைத் திறந்து, "மணிக்கட்டைப் பாருடா, தோளைப் பார்க்காதே" என்பார். பசை காய்ந்து ஒரு மூலை எழும்பியிருந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்களில் பலர் ஆடக் கற்றுக்கொண்டோம்.

1971 டிசம்பரில் இந்திய - பாகிஸ்தான் போர் மூண்டது. அந்த வீராங்கனையின் கணவர் விஜய் வசந்த் தாம்பே விமானப்படையில் ஃபிளைட் லெஃப்டினன்ட் என்பதும், டிசம்பர் 5 அன்று பாகிஸ்தானின் ஷோர்கோட் ரோடு விமானத் தளத்தைத் தாக்கச் சென்றவர் திரும்பவில்லை என்பதும் சில வாரங்கள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தன. அவர்களுக்குத் திருமணமாகி இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அவர் ஓட்டிச் சென்ற சுகோய்-7 ஒற்றை இருக்கை கொண்ட தாக்குதல் விமானம். தரையை ஒட்டித் தாழ்வாகப் பறந்து குண்டு வீசும் அந்த வேலையில், சுடப்பட்ட விமானத்திலிருந்து விமானி வெளியேறினாரா என்பதைப் பார்க்க உடன் பறப்பவருக்குக் கிடைப்பவை சில நொடிகளே. அவரும் அதே பீரங்கிகளுக்குத் தப்பி விலகியாக வேண்டும். குதித்தவர் உயிரோடு இறங்கினாலும், அவரிடம் முதலில் வந்து சேர்பவர் யார், அவருடைய பெயரை எழுதிக்கொள்பவர் யார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டின் இறுதியில் இந்தியக் கைதிகள் திரும்பியபோது தாம்பே அவர்களுள் இல்லை.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. மாணவர் கையெழுத்துப் பத்திரிகைக்காக அவரைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதி, 'மறைந்த விமானி தாம்பே' என்று தலைப்பிட்டு டிரில் மாஸ்டரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்ற எண்ணத்தோடு நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'மறைந்த' என்ற சொல்லை மட்டும் இரண்டு கோடுகளால் அடித்துவிட்டு, மேலே 'காணாமற்போன' என்று எழுதினார். "நீ பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பார்க்காததை எழுதாதே. அங்கே ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். என் பள்ளி வாழ்வில் எனக்குக் கிடைத்த மொழிப் பாடங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னாளில் புரிந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1971 டிசம்பர் 5 அன்றே, அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராக இருந்த டாக்காவில் வெளிவந்த ஆங்கில நாளேடொன்று, இந்திய விமானிகள் ஐவர் பிடிபட்டதாகச் செய்தி வெளியிட்டு, அவர்களுள் ஒருவரின் பெயரை 'டோம்பே' என்று அச்சிட்டிருந்தது. தமயந்தி அம்மையார் பல்லாண்டுகளாகப் பற்றி நின்ற ஆதாரங்களுள் அந்த ஒற்றை வரியும் ஒன்று. காணாமற்போன இந்தியப் படையினர் 54 பேர் அடங்கிய பட்டியலில் 24 பேர் விமானப்படையினர். அப்படி எவரும் தங்கள் சிறைகளில் இல்லை என்றே பாகிஸ்தான் அரசு தொடர்ந்து சொல்லிவருகிறது. ஆனால் பாகிஸ்தான் தரப்பின் ஏறத்தாழ 93,000 போர்க்கைதிகளைத் தன் கைவசம் வைத்திருந்த இந்தியா, அவர்களை விடுவிக்கும் முன்பே தன் மக்களைப் பற்றி ஒவ்வொரு பெயராகக் கேட்டு விடை வாங்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2007 ஜூனில் காணாமற்போனவர்களின் உறவினர்கள் 14 பேர் பாகிஸ்தானியச் சிறைகளுக்கு நேரில் சென்றார்கள். தமயந்தி அம்மையாரும் அவர்களுள் ஒருவர். தேடியவர்கள் கிடைக்கவில்லை. செய்தியைப் படித்த அன்றிரவே டிரில் மாஸ்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். வயது எண்பதைத் தாண்டியிருந்தது, குரல் நடுங்கியது.

"அந்த அம்மாவே உள்ளே போய்ப் பார்த்தார்களா?"

"பார்த்தார்கள் சார். கிடைக்கவில்லை."

டாக்கா நாளேட்டைப் பற்றியும், அதில் பெயர் மாறி அச்சாகியிருந்ததைப் பற்றியும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் எதுவும் பேசாமல் இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் நினைத்த வேளையில் மெதுவாகக் கேட்டார்:

"சிறைப் பதிவேட்டில் தாம்பே என்று தேடினார்களா, டோம்பே என்று தேடினார்களா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.