கீழ் பெர்த் வேணும் சார்

ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தீபாவளி ஆகஸ்ட் மாதமே வந்துவிடும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் சனி, ஞாயிறையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சென்னையில் இருக்கும் தென் மாவட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். முன்பதிவு திறப்பது பயணத்துக்கு 60 நாள் முன்னால். அக்டோபர் 17 பயணத்துக்கு என்றால் ஆகஸ்ட் 18. அன்று காலை 8 மணிக்குக் கவுண்டரைத் திறந்தேன். பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று எல்லாமே தெற்கே போகும் ரயில்கள். நாலாவது ஆளிடம் ஃபாரத்தை வாங்கும்போதே திரையில் வெயிட்டிங் லிஸ்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது ஆள் என்னைப் பார்த்த பார்வையில், ரயிலையே நான்தான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன் என்று இருந்தது.

2024 நவம்பர் 1-க்கு முன்னால் இந்தக் கணக்கு 120 நாள். அப்போதெல்லாம் ஜூன் மாதத்திலேயே பட்டாசுச் சத்தம் கேட்கும், கவுண்டருக்கு வெளியே.

முன்பதிவுக் கவுண்டரில் எனக்கு இது பத்தொன்பதாவது தீபாவளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசமாட்டேன். காதுக்குள் “சார், சார்” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில், எப்போது என்று தெரியவில்லை, சிரிப்பு வர ஆரம்பித்தது. அதற்காகத் தியானம் எதுவும் பண்ணவில்லை. மனிதர்கள் ஃபாரம் நிரப்புவதைப் படித்தேன், அவ்வளவுதான்.

முக்கியமாக வயது என்ற கட்டம். 45 வயது ஆன பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. இடம் இருந்தால் கம்ப்யூட்டரே பார்த்துக் கொடுத்துவிடும். ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா மட்டும் அம்மா வீட்டுக்குப் போகிறார், கணவர் டிக்கெட் எடுத்துக்கொடுக்க வந்திருக்கிறார். ஃபாரத்தில் வயது 43.

“கீழ் பெர்த் வேணும் சார், முட்டி வலி.”

“45 ஆகியிருந்தா கிடைக்க வாய்ப்பு இருக்கும்மா. 43-ன்னு போட்டா அப்பர் பெர்த்தான் காட்டுது.”

அந்த அம்மா ஃபாரத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். “யாரு 43-ன்னு போட்டது? எனக்கு 48.”

கணவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எப்பவும் அஞ்சு குறைச்சுத்தான் போடுவேன் சார். பழக்கம்.”

அந்த 3-ஐ 8 ஆக்கியது அந்த அம்மாவேதான். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்க வேண்டும். கீழ் பெர்த் கிடைத்தது. கணவருக்கு வீட்டில் என்ன கிடைத்ததோ.

மூத்த குடிமக்கள் சலுகை இருந்த காலத்தில் இதைவிட வேடிக்கை. 2020 மார்ச் வரை பெண்களுக்கு 58 வயதிலேயே பாதிக் கட்டணம். 57-ஐ 58 ஆக்கச் சொல்லிக் கெஞ்சியவர்களும் உண்டு. 60 வயதாகியும் பக்கத்து வீட்டுக்காரி கூட நிற்கிறாள் என்பதற்காக முழுப் பணம் கட்டியவர்களும் உண்டு. பணமா, வயதா என்று வரும்போது மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று இத்தனை வருஷத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி நேர முன்பதிவான தட்கல் தனிக் கதை. ஏசி 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்கு. விடியற்காலையிலிருந்து நிற்கிறவர்கள்; செருப்பை, செங்கல்லை இடம் போட்டு வைத்திருப்பவர்கள். 10:59-க்கு மொத்தக் கூடமும் மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒருமுறை முதலில் நின்றவர் பெயர் சிவசுப்பிரமணியன். நான் அடிக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “சார், சிவான்னு போடுங்க சார்! பேரே ரெண்டு பெட்டி நீளத்துக்கு இருக்கு, அடிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க பெர்த் போயிடும்!” முன்னால் நின்றவர் திரும்பி, “எங்கப்பா வெச்ச பேருய்யா!” என்றார். கூடமே சிரித்தது. இரண்டு பேருக்கும் கன்பர்ம் ஆனது என்று எழுத ஆசைதான். குரல் கொடுத்தவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 6.

அப்புறம் அந்தக் கேள்வி: “வெயிட்டிங் லிஸ்ட் 214 இருக்கே, கன்பர்ம் ஆகுமா சார்?” கிளி ஜோசியக்காரருக்காவது கையில் சீட்டு இருக்கிறது. பக்கத்துக் கவுண்டர் அண்ணன் ஒருவர், “நாம தட்சணை வாங்காத ஜோசியக்காரங்க தம்பி” என்பார்.

தட்சணை என்றதும் ஞாபகம் வருகிறது. ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். திடீர்ச் சோதனை வந்தால் அந்தத் தொகைதான் இருக்க வேண்டும். போன தீபாவளி வாரத்தில் நான் எழுதியது 48 ரூபாய். ஊருக்கே டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன் பையில் 48 ரூபாய் என்று என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள்.

ரயில்வே ஊழியருக்கான இலவசப் பயண பாஸ் எனக்கும் உண்டு. பெர்த் இருந்தால்தானே? தீபாவளியன்று ஞாயிற்றுக்கிழமை மாதிரி மதியம் 2 மணி வரை டியூட்டி. “உனக்கே டிக்கெட் இல்லையாடா?” என்று அம்மா போனில் கேட்டதற்கு, “வெயிட்டிங் லிஸ்ட்மா” என்றேன். “எத்தனாவது?” என்றார். ஜோசியம் கேட்கிற குரலில்.

பண்டிகை முடிந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். ஆகஸ்டில் என்னிடம் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்தவராம். ஜனவரி 13-க்குப் பொங்கல் டிக்கெட் வேண்டும் என்றார். “நவம்பர் 14 காலைலதான் திறக்கும் ஐயா” என்றேன். “தெரியும், சும்மா பாத்துட்டுப் போலாம்னு” என்றபடி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதிரசம். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இடுக்கில் பொட்டலம் நுழையவில்லை. வேண்டாம் ஐயா என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். முன்பதிவு ஃபாரத்தின் மேல் நெய் படிந்த ஆறு வட்டங்கள்.

அவர் போனதும் அண்ணன் எட்டிப் பார்த்தார். “தம்பி, ரிஜிஸ்டர்ல எழுதிட்டியா?”

எடுத்துப் பார்த்தேன். சொந்தப் பணத்துக்குத்தான் கட்டம் இருந்தது. ஆறில் மூன்றை அவரிடம் தள்ளினேன்.